காலியாகக் கிடந்த பாதி

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஃபார்ம் ஃபோரோடு, அதாவது பத்தாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு கரும்பு வெட்டினேன், சிகடோகா பக்கம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன், மீன்பிடிக் கப்பலில் ஒரு வருஷம் போனேன், மலேசியாவில் மூன்று வருஷம் கிடந்தேன். தமிழ் சரியாக எழுதப் பழகியதே மலேசியாவில்தான். அதற்கு முன் கோயில் வகுப்பில் கற்ற எழுத்துகளை வைத்துப் பெயர்ப்பலகை படிக்க மட்டும் தெரியும்.

ஃபிஜிக்குத் திரும்பி வந்தபோது நமாகாவில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பெட்டி தூக்க ஆள் கேட்டார்கள். தூக்கிய பெட்டிகளைத் திறந்து பார்க்கவும் பழகினேன். ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் ஒரு நாள் கனடா போய்விட்டார். மறுநாள் காலை அவருடைய ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் ஃபிஜியில் பலர் இப்படித்தான் பதவி உயர்வு பெற்றார்கள்.

தெரிந்துகொண்டதை, அவர் விட்டுப்போன நோட்டிலேயே எழுதி வைப்பேன். திரையில் என்ன எண் வந்தது, நான் என்ன செய்தேன், வேலை செய்ததா இல்லையா. நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியது ஒரே வரி: முதலில் எதையும் தொடாதே. அதை எழுதியதற்குக் காரணம் உண்டு. ஸ்டூலில் உட்கார்ந்த முதல் மாதம் ஒருவர் துவங்காத கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. போட்டேன். நன்றாகத் துவங்கியது. அவர் மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. மகள் அதற்குள் ஆஸ்திரேலியா போய்விட்டாள். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம் கடைப் பக்கம் வரும்போது சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்து போவார்.

நான் சொல்லப்போவது ஃபிஜியில் நாலாவது தடவை ஆட்சி கவிழ்ந்து ராணுவம் வந்த சமயத்தில் நடந்தது. எண்பத்தேழில் இரண்டு, இரண்டாயிரத்தில் ஒன்று, இது நாலாவது. முதல் தடவை ஜனங்கள் பயந்தார்கள். இரண்டாயிரத்தில் அழுதார்கள். இந்தத் தடவை ரேடியோவைக் கேட்டுவிட்டு வெளிநாடு போக ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஃபோன் வந்தது. பினாங்கிலிருந்து ஒரு பெண் பேசினாள்; மலேசியப் பினாங்கு இல்லை, ஃபிஜியிலேயே சர்க்கரை மில் இருக்கும் ஊர். பேச்சு ஃபிஜி இந்தியில். இங்கே தமிழாக எழுதுகிறேன்.

"அண்ணே, எங்க கம்ப்யூட்டர் பெட்டி மேல உங்க கடை ஸ்டிக்கர் இருக்கு. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"திரையில என்ன வருது?"

"கறுப்பா இருக்கு. எரர் இருபத்திரண்டுன்னு ஒரு வரி."

நோட்டைப் புரட்டினேன். பதினைந்து, பதினேழு, இருபத்தொன்று எல்லாம் இருந்தன. இருபத்திரண்டுக்கு எதிரே கனடா போனவர் கையெழுத்தில் 'இடத்தைக் காணோம்' என்று மட்டும் இருந்தது.

"அதுல ரெண்டு சிஸ்டம் இருக்கா? ஆன் பண்ணினதும் எது வேணும்னு கேக்குமா?"

"ஆமா. விண்டோஸ் ஒண்ணு, லினக்ஸ் ஒண்ணு. லினக்ஸ் எங்க அண்ணன் போட்டது. அவன் இப்ப பிரிஸ்பேன்ல."

"யாராவது ஏதாவது பண்ணீங்களா?"

"இல்ல. கரண்ட் போய் வந்துச்சு."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பெட்டியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். முடியாது என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவள் நர்ஸ். நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எல்லாக் காகிதங்களும் வெள்ளிக்கிழமைக்குள் லௌடோகாவில் ஏஜென்ட் கையில் இருக்க வேண்டும். சான்றிதழ்களின் அசல்களை நர்ஸ் பதிவுக்காக வெலிங்டனுக்கு அனுப்பிவிட்டாள். நகல்கள் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும். அதைவிட முக்கியமாக, எட்டு வருஷம் அவள் வேலை பார்த்ததற்கு ஆஸ்பத்திரி மேட்ரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதமும் அதில்தான்.

"மேட்ரன்கிட்ட இன்னொண்ணு வாங்க முடியாதா?"

"அவங்க போன மாசமே போயிட்டாங்க. சிட்னிக்கு. இந்தப் பெட்டிய பஸ் கூரைல போட்டு அனுப்ப எனக்கு மனசு வரல அண்ணே."

புதன்கிழமை காலை பை நிறைய சிடிகளோடு பஸ் ஏறினேன். பா என்ற ஊரைத் தாண்டி ஒரு சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் என் பையைத் திறந்து சிடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"படமா?"

"இல்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண."

துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு என்னைத் தனியே கூப்பிட்டான். என் பின்னால் நின்ற கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் தங்கச்சி கம்ப்யூட்டரும் துவங்கல. மூணு தடவை கூவுது. பிறகு ஒண்ணும் இல்ல."

"மெமரி. கரண்டைப் பிடுங்கிட்டு, அந்தப் பச்சைத் தகட்டைக் கழட்டி, அதுல தங்க நிறத்துல இருக்கிற பல்லைப் பென்சில் ரப்பரால தேய்ச்சு மறுபடி மாட்டச் சொல்லு."

"ரப்பரா?"

"ரப்பர்தான்."

அவன் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். பஸ் கிளம்பியதும் என்ன கேட்டான் என்று எல்லோரும் விசாரித்தார்கள். ரப்பர் என்றேன். யாரும் நம்பவில்லை.

பினாங்கில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மில் புகைபோக்கி தெரியும். வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. போகும் வழியில் நான்கு வீடுகள் காலி. இரண்டுக்குக் கூரைத் தகடு இல்லை, ஒன்றுக்குக் கதவும் ஜன்னலும் இல்லை. இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. போகிறவர்களே பக்கத்து வீட்டாரிடம் 'எடுத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். குத்தகை முடிந்த நிலத்தில் எல்லைக் குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பக்கத்துக்காரர் நாலு வரிசை மரவள்ளி நட்டுக்கொள்வார். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து கேட்கும் வரை அது அவருடையது. சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அங்கே ஒரு குறையாகவே நினைக்கப்பட்டது.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அம்மா மூன்று வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டார். அப்பாவுக்கு அறுபது வயதிருக்கும். கரும்பு விவசாயி. குத்தகை முடிந்து நிலம் போய் இரண்டு வருஷம். வீட்டுமனை மட்டும் கையில். நிலம் போன அதே மாதம் மகனும் விசிட்டர் விசாவில் போய்த் திரும்பவில்லை. மறுபடி நிலம் தேடலாம், நீ கூட இரு என்று இவர் சொன்னதை அவன் கேட்கவில்லை. அதிலிருந்து அவனோடு இவருக்குப் பேச்சில்லை. இதையெல்லாம் நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி ஊதும்போது அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தார். எனக்குத் தமிழ் வரும் என்று தெரிந்ததும் பழைய மெட்ராஸ் தமிழில் பேச ஆரம்பித்திருந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

கம்ப்யூட்டரை ஓட விட்டேன். கறுப்புத் திரை, எரர் இருபத்திரண்டு. முதலில் என் லினக்ஸ் சிடியைப் போட்டேன். அதிலிருந்து துவக்கினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டில் உள்ள கோப்புகளைத் தொந்தரவில்லாமல் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பாதி வரை வந்து நின்றுவிட்டது. சிடியில் கீறல். சிப்பாய் செய்த வேலையா என்னுடையதா என்று தெரியாது. ஃப்ளாப்பி வழியாக முயலலாம் என்று பார்த்தால், அந்த டிரைவில் எறும்புப் புற்று. மிச்சம் இருந்தது விண்டோஸ் சிடி. அதைப் போட்டு, எதையும் நிறுவாமல், வட்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் வரைக்கும் மட்டும் போனேன்.

இரண்டு வரி இருந்தது. முதல் வரி விண்டோஸ் பகுதி, முழுதாக இருந்தது. இரண்டாவது வரியில் லினக்ஸ் இருந்திருக்க வேண்டும். பிரிக்கப்படாத இடம் என்று போட்டிருந்தது.

"கரண்ட் போனா இப்படி ஆகாது" என்றேன். "யாரோ உள்ள போய் அந்தப் பாதியை அழிச்சிருக்காங்க. உறுதியான்னு கேக்கும், ஆமான்னு சொல்லியிருக்காங்க."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நான் ட்யூட்டில இருக்கும்போது நீங்கதானே இதுல உக்காருவீங்க."

"சீட்டு ஆடுவேன்."

"சீட்டு மட்டுமா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"நீயும் போயிட்டா இங்க யாருன்னு போன வாரம் கேட்டீங்க. நான் போகக்கூடாதுன்னுதானே பண்ணீங்க?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. அவர் எழுந்து உள்ளே வந்தார். அவளைப் பார்க்காமல் என்னிடம் தமிழில் சொன்னார்.

"தம்பி, நான் எல்லாப் பக்கமும் தொறந்து பாப்பேன். ஒரு நாள் ரெண்டு கட்டம் தெரிஞ்சுது. ஒண்ணுக்குப் பேர் இருந்துச்சு, எழுத்து இருந்துச்சு. இன்னொண்ணுக்குப் பேரே இல்ல. இது யாருதுன்னு பாத்தேன். பெரியவன் போட்டதா இருக்கும். அவன்தான் போயிட்டானே. ரெண்டு வருஷமா அதுல யாரும் போறதில்ல. பாதி வட்டு சும்மா கெடக்கு. நாம எடுத்துக்கலாம்னு அழிச்சேன்."

"எதுக்கு? அதுல என்ன வைக்க?"

"வைக்க ஒண்ணும் இல்ல. காலியா கெடந்துச்சு."

நான் அவளுக்கு இந்தியில் சொன்னேன். பாதி அவளுக்கே புரிந்திருந்தது. "அதை அழிச்சா இது ஏன் நிக்கணும்? என் பேப்பர் எல்லாம் இந்தப் பக்கம்தானே?" என்றாள். நியாயமான கேள்வி. நான் அவரிடம் திரும்பினேன்.

"ஐயா, உங்க கரும்பு லாரி மெயின் ரோட்டுக்கு எது வழியாப் போகும்?"

"பக்கத்து நிலம் வழியா. அதுல குத்தகைக்கு இருந்தவங்க ஆக்லாந்து போனப்போ அந்த நிலத்துக்காரங்க கேட்டைப் பூட்டிட்டாங்க. ஒரு சீசன் கரும்பு வெட்டி அப்படியே காஞ்சு கெடந்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். திரையைப் பார்த்தார். "வழி அவன் பாதியில இருந்துச்சா?"

"ஆமா. உங்க பாதி பத்திரமா இருக்கு. உள்ள போற வழிதான் இல்ல."

அவர் நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். புதுசாக ஒரு வழி போட முடியும் என்றேன். விண்டோஸ் சிடியில் பழுதுபார்க்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் நுழைந்து ஒரு கட்டளை கொடுத்தால், வட்டின் முதல் துண்டில் லினக்ஸ் எழுதிவைத்திருந்ததை நீக்கிவிட்டு விண்டோஸுக்கு நேராகப் போகும்படி எழுதும். நுழைந்தேன். நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டது.

முதலில் வெறுமனே தட்டினேன். பெரும்பாலான வீடுகளில் அதுவே போதும். தவறு என்றது. அவள் தன்னுடையதைச் சொன்னாள். அதுவும் தவறு. அம்மா பெயர், அண்ணன் பிறந்த வருஷம், பள்ளிக்கூடத்தின் பெயர். மூன்று தடவை தவறினால் அது வெளியே தள்ளிவிடும். சிடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஏழெட்டு நிமிஷம். நாலு சுற்று போனது.

"இதைப் போட்டது அண்ணன். அவனைத்தான் கேக்கணும்" என்று எழுந்து ஃபோனை நோக்கிப் போனாள்.

"இரு" என்றார் அப்பா. "நான் பேசுறேன்."

அவள் எண்ணைச் சுழற்றி ரிசீவரை அவரிடம் கொடுத்தாள். மகன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுப்பான். முதல் தடவை எடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி. இந்தப் பக்கப் பேச்சுத்தான் எனக்குக் கேட்டது.

"நான்தான்."

"இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தங்கச்சியும் நல்லா இருக்கா. இங்கதான் நிக்கிறா."

"கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. நான்தான் கெடுத்தேன். உன் பாதிய அழிச்சுட்டேன். காலியா கெடக்குன்னு நெனச்சேன்."

இதற்குப் பிறகு நெடுநேரம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் விசைப்பலகையில் இருந்த சர்க்கரைத் துணுக்கு ஒன்றை நகத்தால் எடுத்தேன்.

"சரி. பாஸ்வேர்டு என்னன்னு சொல்லு. எழுதிக்கிறேன்."

காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். ஒரு எண், இன்னொரு எண். பென்சில் நின்றது. பிறகு காது கொடுக்காமல் தானாகவே மீதி மூன்று எண்களையும் போட்டார்.

"சொல்ல வேணாம். தெரியும்" என்றார்.

ஒவ்வொரு கரும்பு விவசாயிக்கும் மில்லில் ஒரு பண்ணை எண் உண்டு. லாரிச் சீட்டில், உரச் சீட்டில், வெட்டும் ஆட்களின் பட்டியலில், எல்லாவற்றிலும் அந்த எண்தான். முப்பது சொச்சம் வருஷம் அவர் எழுதிய எண் அது. நிலத்தோடு அதுவும் போய்விட்டிருந்தது. காலண்டரை என்னிடம் நீட்டினார். நான் தட்டினேன். உள்ளே விட்டது.

கட்டளையைக் கொடுத்தேன். உடனே ஒரு எச்சரிக்கை வந்தது. இந்த வட்டின் முதல் துண்டு வழக்கமானதாக இல்லை, தொடர்ந்தால் எல்லாப் பகுதிகளும் எட்டாமல் போகக்கூடும், தொடரவா என்று. எனக்கு அந்தக் கல்யாணப் படங்கள் ஞாபகம் வந்தன. கையை எடுத்துவிட்டேன்.

"என்ன சொல்லுது?" என்றாள்.

"எல்லாம் போனாலும் போகலாம்னு சொல்லுது. லினக்ஸ் இருந்த வட்டுல எப்பவும் இப்படிச் சொல்லும்னு கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டு தடவை பண்ணியிருக்கேன், ரெண்டும் சரியா வந்துச்சு. மூணாவது எப்படின்னு எனக்குத் தெரியாது."

அப்பா அதை ஃபோனில் அப்படியே சொன்னார். மகன் ஏதோ சொன்னான். "போடச் சொல்றான்" என்றார்.

"அவன் யாரு சொல்ல? பேப்பர் என்னுது" என்றாள். என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, ஒரு விரலால் 'y' எழுத்தை அழுத்தினாள். அதற்கப்புறம் எண்டரை நான் காட்ட வேண்டியிருந்தது.

புதிதாக எழுதப்பட்டது என்று ஒரு வரி வந்தது. சிடியை எடுத்துவிட்டு மறுபடி துவக்கினேன். கறுப்புத் திரை. அது வழக்கத்தைவிட நீளமாக நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. வழக்கமான நேரமாகவும் இருக்கலாம். பிறகு விண்டோஸ் படம் வந்தது. அவள் உட்காரவே இல்லை. நின்றபடியே மௌஸைப் பிடித்து ஃபோல்டரைத் திறந்து மேட்ரன் கடிதத்தைத் திறந்தாள். கையெழுத்து வரை கீழே உருட்டிப் பார்த்தாள்.

"வந்துருச்சு" என்று அப்பா ஃபோனில் சொன்னார். "ம். ம். வைக்கிறேன், உனக்கு வேலை இருக்கும்." வைத்துவிட்டு என்னிடம், "அவன் பாதில பாட்டுதான் இருந்துச்சாம். பரவாயில்லைங்கிறான்" என்றார்.

எல்லாவற்றையும் இரண்டு சிடிகளில் எழுதினேன். அவள் மூன்றாவது ஒன்று கேட்டாள், அதையும் எழுதினேன். கீறல் விழுந்த என் சிடியை அவளிடம் காட்டியது தப்பு.

கிளம்பும் முன் அப்பா கேட்டார். "அந்தக் காலி எடம் இன்னும் அங்கதானே இருக்கு?"

"இருக்கு. இப்ப அதுல வழி எதுவும் இல்ல. தொடலாம்."

"நமக்கு ஆக்கிக் குடுக்க முடியுமா?"

அவள் சமையலறையிலிருந்து, "அண்ணே, வேணாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது" என்றாள். சிடி மூன்று இருக்கிறதே என்றேன். பதில் வரவில்லை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அந்த இடத்தைத் தனி டிரைவாக மாற்றினேன். என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டது. அவர் யோசிக்கவில்லை. காலண்டரைக் காட்டினார். ஐந்து எண்களைப் பெயராகப் போட்டேன்.

அன்று பஸ் கிடைக்காமல் அங்கேயே படுத்தேன். வியாழக்கிழமை காலை மழை. அவளும் நானும் ஒரே பஸ். உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையில், சிடிகள் வைத்த அவளுடைய ஃபைலைச் சுற்றி, அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அப்பா பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தார். குடை அவள் கையில் இருந்தது. அவள் அதை அவர் பக்கம் சாய்த்தாள், அவர் அவள் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் நனைந்தார்கள். ஃபைல் நனையவில்லை. லௌடோகாவில் அவள் இறங்கிப் போனாள். சோதனைச்சாவடியில் அன்று வேறு சிப்பாய்கள்.

அவளுக்கு விசா கிடைத்தது. நியூசிலாந்தில் ஹாமில்டனிலிருந்து ஒரு தடவை கடைக்கு ஃபோன் செய்து, பினாங்குப் பக்கம் போனால் அப்பாவையும் கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். நான் அதற்குள் கடையை விட்டுவிட்டுச் சிகடோகாவில் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கடையில் யாரோ சொல்லி எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து மில் பக்கம் தக்காளி இறக்கப் போனபோது அந்த வீட்டுக்குப் போனேன்.

அவர் சமைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் நன்றாகத் துவங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் ஃபோன் பண்ணுகிறானாம். கம்ப்யூட்டரில் எதைத் தொட வேண்டாம் என்று ஒரு பட்டியல் சொல்கிறானாம். இவர் அதைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தார். நான் டிரைவ்களைத் திறந்து பார்த்தேன். மகள் பக்கம் அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது. ஐந்து எண்கள் போட்ட பாதியில் ஒரு கோப்பும் இல்லை.

"இன்னும் ஒண்ணும் வைக்கலையா ஐயா?"

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன அவசரம்" என்றார். "இப்பதானே கெடைச்சிருக்கு."